பாட்டியின் நைட் டூட்டி ரிப்போர்ட்

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபம் ஒன்பது மணிக்கு. கரண்ட் இருந்தாலும் ஒன்பது, போனாலும் ஒன்பது. தார்சா என்கிற முன்கூடத்தில் கிடக்கும் மரக்கட்டிலில் பாட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய டைரியை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே ஜெபம் பண்ணுவாள். மற்றவர்கள் கண்ணை மூட வேண்டும். மூடாத பிள்ளைகள் யார் என்று பார்க்கத்தான் பாட்டி திறந்து வைத்திருக்கிறாள் என்று நாங்கள் நம்பினோம்.

"பெரியவனுக்கு சுகர் 210. கால் புண்ணு ஆறிட்டு வருது, நாளைக்குக் காலைல கட்டு மாத்தணும். மூணாவது மருமகளுக்கு ஏழு மாசம், கால்ல நீர் இருக்கு, பிரஷர் பாக்கணும். மதுரைல உள்ளவனுக்கு வேலை இன்னும் நிலைக்கல, ராத்திரி உறக்கம் இல்ல. ஆண்டவரே, இவங்கள உம்ம கையில ஒப்புக்குடுக்கேன்."

அவ்வளவுதான். புகழ்ச்சி கிடையாது, கண்ணீர் கிடையாது, குரல் ஏற்ற இறக்கம் கிடையாது. எங்கள் சபைப் போதகர்களான ஐயர்மார் ஜெபம் பண்ணினால் முழங்கால் மரத்துப்போகும். பாட்டி நாற்பது பேரைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள்.

இது என்ன மாதிரி ஜெபம் என்பது எனக்கு முப்பத்தி நாலு வயதில்தான் விளங்கியது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் என் மகனுக்கு டெங்கு. ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிற நேரம். போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள். "பெட் ஏழு. ஏழு வயசுப் பையன், நாலாவது நாள், பிளேட்லெட் இறங்கிட்டு இருக்கு, டிரிப் ஓடுது, யூரின் போயிருக்கான், பத்து மணிக்கு பிளட் எடுக்கணும்." அதே ராகம்! ஒரு வாக்கியம் கூடக் குறையவில்லை. அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாது, நான் சிரித்துவிட்டேன். பகல் நர்ஸ் ராத்திரி நர்ஸிடம் வார்டை ஒப்புக்கொடுக்கிற மாதிரி, பாட்டி இவ்வளவு காலமும் எங்களை ஒவ்வொரு கட்டிலாக ஒப்புக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ராத்திரி டூட்டிக்கு வருகிறவர் யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. 121-ஆம் சங்கீதத்தில் அவளுக்குப் பிடித்த வரி "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை". மற்றவர்களுக்கு அது ஆறுதல் வசனம். பாட்டிக்கு டூட்டி லிஸ்ட்.

*

பாட்டி பிறந்தது 1927-ல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூருக்குப் பக்கத்தில். அப்போது அது தமிழ்நாடு இல்லை, திருவிதாங்கூர். 1944-ல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்கச் சேர்ந்தாள். லண்டன் மிஷன்காரர்கள் 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சேயை அனுப்பித் தொடங்கிய வைத்தியம் அங்கே நூறு வருஷத்தைத் தாண்டியிருந்தது. ஸ்டைபெண்ட் திருவிதாங்கூர்க் காசில். நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். "இருபத்தெட்டால வகுக்க இந்தக் கை என்னா பாடு பட்டுது தெரியுமா" என்பாள். கணக்கில் பாட்டி கொஞ்சம் மட்டம்தான். டோஸ் கணக்கில் மட்டும் தப்பியதே இல்லை.

அந்தக் காலத்து நெய்யூர் என்றால் டாக்டர் சாமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போனவர். 1922-ல் ஒரு தடவை, 1924-ல் இன்னொரு தடவை. முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் வாசல் வரைக்கும் நோயாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்க இருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். வயிற்றுப் புண் ஆபரேஷனில் பேர் எடுத்தவர். எங்கள் பக்கத்து ஜனத்துக்கு அப்போது மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கு; குடல் புண்ணுக்குப் பஞ்சமே இல்லை. வெற்றிலை புகையிலை போட்டு வாயில் புற்று வந்தவர்கள் அடுத்த வரிசை. 

எவரெஸ்ட் கதையில் பாட்டிக்கு உச்சி முக்கியமில்லை. 1924-ல் ஏறத்தாழ 28,000 அடியில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இறங்குகிற வழியில் மூச்சே நின்றுவிட, பனியில் உட்கார்ந்து, சாகப்போகிறோம் என்று நினைத்து, இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே அமுக்கினார். பனியில் கருகிப் பிய்ந்த தொண்டைச் சதை வெளியே வந்து விழுந்தது, மூச்சு திரும்பியது. ரொட்டியைத் தொண்டையில் அடைத்துக்கொண்டு விழித்த என் தம்பியைப் பாட்டி முதுகில் தட்டி எடுத்த அன்றைக்கு, அவன் அழுது முடிப்பதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள்.

அவரோடு நின்று ஆபரேஷன் செய்தாயா என்று கேட்டால் பாட்டி சிரிப்பாள். "நான் கையுறை கழுவினேன் மக்களே." அப்போது ரப்பர் கையுறையைத் தூக்கிப்போட முடியாது. கழுவி, தண்ணீர் நிரப்பி ஓட்டை எங்கே என்று பார்த்து, சைக்கிள் டியூபுக்குப் போடுகிற மாதிரி ஒட்டுப்போட்டு, காய வைத்து, பவுடர் தடவி, திரும்ப ஸ்டெரிலைஸ் பண்ண வேண்டும். முதல் வருஷம் முழுக்க அதுதான். எவரெஸ்ட் தொட்ட கைக்கு ஒட்டுப்போட்டவள் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அதில் பாட்டிக்குப் பெருமைதான்.

*

யூனிஃபார்ம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் லீவுக்கு வெள்ளைச் சேலையும் கழுத்து மூடிய, முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட்டுமாகப் பாட்டி வீட்டுக்குப் போனபோது, அவளுடைய பாட்டி உயிரோடு இருந்தாள். பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு, முகத்தைத் தொடவில்லை, தலையைத் தொடவில்லை. ஜாக்கெட்டின் கையை இரண்டு விரலால் பிடித்து, துணியின் கனத்தைப் பார்த்தாளாம். கொஞ்ச நேரம் விடவே இல்லையாம்.

அதன் அர்த்தம் தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் சாதிப் பெண்கள் மார்பை மறைத்தால் தண்டனை என்று இருந்த தேசம் அது. மிஷனரிகளின் மனைவிமார் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டையைச் சந்தையில் கிழித்திருக்கிறார்கள், வேதக்கோயிலைக் கொளுத்தியிருக்கிறார்கள். சென்னை கவர்னர் டிரெவெல்யன் கண்டித்து எழுதிய பிறகு 1859 ஜூலையில்தான் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வாலைச் சேர்த்துத்தான். பாட்டியின் பாட்டிக்கு அது பாடப்புத்தகச் சங்கதி இல்லை, அவள் அம்மா பட்டது. எண்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒரு ஜாக்கெட்டை அவள் அப்படித் தொட்டுப் பார்த்ததில் என்ன ஆச்சரியம்.

பாட்டி யூனிஃபார்மைத் தானேதான் துவைப்பாள், கஞ்சி போடுவாள், கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்ப்பாள். 1985-ல் ரிட்டயர் ஆகிற வரைக்கும் வேறு யார் கையும் அதில் பட்டதில்லை. சின்ன வயதில் அதைக் கிறுக்கு என்று நினைத்தேன்.

*

பென்சிலின் வந்த புதிதில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசி போட வேண்டும். மருந்து உடம்பில் நிற்காது, சிறுநீரில் போய்விடும். ராத்திரி ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு. விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தூங்குகிறவனை எழுப்பிக் குத்த வேண்டும். ஒரு நாள் அயர்ந்து தூங்கிய ஒருவரை எழுப்ப மனசு வராமல் சட்டென்று குத்திவிட்டாள். அவர் அலறி எழுந்து, ஊசி உடைந்து, வார்டே விழித்துக்கொண்டது. நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் திட்டவில்லையாம். ஒரே ஒரு வார்த்தை: சொல்லிவிட்டுத் தொடு.

அந்த ஒரு வார்த்தையைப் பாட்டி எழுபத்தைந்து வருஷம் வைத்துக்கொண்டாள். முழுப்பரீட்சை லீவில் நாங்கள் பதினாலு பிள்ளைகள் வரிசையாகப் பாயில் கிடப்போம். விடிகாலை மூன்று மணிக்குப் பாட்டிக்கு விழிப்பு வந்துவிடும். அந்தப் பென்சிலின் ஊசி முறை போய் நாற்பது வருஷம் ஆகியும் அந்த மூன்று மணி போகவில்லை. எழுந்து ஒரு சுற்று. ஒவ்வொரு நெற்றியிலும் புறங்கை. வைப்பதற்கு முன்னால், தூங்குகிற பிள்ளையின் காதில் மெல்ல, "மக்களே, பாட்டி தொடப்போறேன்." நான் பல தடவை விழித்துக் கிடந்திருக்கிறேன். அந்தப் புறங்கையின் குளிர்ச்சிக்காகவே.

பகலில் இதே பாட்டி வேறு. கிடந்த விரிப்பை நாங்களே மடிக்க வேண்டும். கட்டில் விரிப்பின் மூலை கவர் மடிக்கிற மாதிரி மடிந்து மெத்தைக்கு அடியில் போக வேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் வாசல் பக்கம் பார்க்கக் கூடாது. "ஏன் பாட்டி?" "வாசல்ல இருந்து பாத்தா அலங்கோலமா தெரியும்." "யார் பார்க்கப் போறா?" "மேட்ரன்." மேட்ரன் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அடுக்களையில் புட்டுக்குடம் ஒரு அடுப்பில், பக்கத்து அடுப்பில் ஊசிப்பெட்டி. கண்ணாடி சிரிஞ்சும் உள்தண்டும் ஜோடி. இரண்டிலும் ஒரே நம்பர் பொறித்திருக்கும், மாற்றிப் போட்டால் மருந்து கசியும். கொதித்து இறங்கியதும் ஊசி முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பாள். பஞ்சு சிக்கினால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம், சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். புட்டு வாசனையும் கொதிக்கிற ஸ்டீல் வாசனையும் எனக்கு இன்றைக்கும் ஒன்றாகத்தான் ஞாபகம் வரும். ஊர்க்காரர்கள் டாக்டர் சீட்டோடு விடிய விடிய வந்து நிற்பார்கள். காசு வாங்கமாட்டாள். வாழைக்குலை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள்; அதிலும் பூவன் என்றால்தான் முகம் மலரும்.

*

நெய்யூரில் சில வருஷம் இருந்துவிட்டு சர்க்கார் வேலைக்குப் போனாள். முதலில் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1969-ல் ராஜ்யத்தின் பெயரே தமிழ்நாடு என்று ஆனது. "இருந்த எடத்துல இருந்தே மூணு சர்க்காருக்கு பெட்பேன் எடுத்திருக்கேன்" என்று சொல்வாள். மலையாளத்தில் இருந்த அவள் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் பென்ஷன் ஆபீசில் படிக்க ஆளில்லாமல் போன கதை தனி.

கல்யாணம் இருபத்தேழு வயதில். அந்தக் காலத்துக்கு அது முதிர்கன்னி. வந்த வரன்கள் எல்லாம் நைட் டூட்டி என்றதும் போய்விட்டன. அன்னிய ஆம்பிளைகளின் உடம்பைத் தொடுகிறவள், ராத்திரி வீட்டில் இல்லாதவள். ஊசி போடக் கூப்பிடுகிற வாய்தான் அதையும் பேசும். அவள் சம்பளத்தில் படித்த தம்பிகள் நாலு பேர். அதில் ஒருவர், அக்கா வேலையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மறைத்தார் என்று கேள்வி. கடைசியில் மிஷன் ஸ்கூல் வாத்தியாரான தாத்தா வந்தார். அவருக்கு டைஃபாய்டு வந்து இருபத்தொரு நாள் கிடந்தபோது பாட்டிதான் வார்டு நர்ஸ். "உடம்பைப் பாத்தாச்சு, இனி என்ன மறைக்க" என்று தாத்தா சொன்னதாக ஒரு கதை உண்டு. தாத்தா மறுத்ததில்லை.

பாட்டியை நான் தெய்வமாக்க விரும்பவில்லை. செத்த பிறகு எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். குடும்பத்தை அவள் வார்டு மாதிரிதான் நடத்தினாள். யார் எந்தக் கட்டிலில் கிடக்க வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். எந்தப் பேரன் பாலிடெக்னிக், எந்தத் தோட்டத்தின் ரப்பர் மரத்தை விற்க வேண்டும், எந்த மருமகள் எத்தனை நாள் தாய்வீட்டில் இருக்கலாம், எல்லாம். வீட்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளை என் அம்மா. நர்சிங் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அப்ளிகேஷன் கூட வாங்கி வைத்திருந்தாள். பாட்டி அதை வாங்கி நாலாக மடித்து அடுப்பில் வைத்தாள். "நான் பட்டது போதும்." அவ்வளவுதான் விசாரணை. அம்மா டீச்சரானாள். முப்பத்தி மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஊசி போட வந்தவர்களுக்கு விளக்குப் பிடிப்பதும், பேறு பார்க்கப் போகும்போது பை தூக்குவதும் மட்டும் கடைசி வரை அம்மா வேலையாகவே இருந்தது.

அப்புறம் இரண்டாவது மாமா. வேறு மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனார். பாட்டி கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒன்பது வருஷம் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூடும் நாற்பது இலையில் அவருக்கு இலை இல்லை. ஆனால் டைரியில் பேர் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பேர் வரும்போது ஒரு நிறுத்தம். "ரெண்டாமத்தவன். ரிப்போர்ட் இல்ல. ஒப்புக்குடுக்கேன்." ஒன்பது வருஷம், தினமும் இது. எனக்கு அதைக் கேட்கும்போது கோபம்தான் வரும். ரிப்போர்ட் வேண்டுமானால் போய்ப் பார்க்க வேண்டியதுதானே, கடவுளிடம் சொல்ல முடிகிற பேரைப் பெற்ற வாயால் கூப்பிட என்ன கேடு என்று தோன்றும். இப்போதும் தோன்றுகிறது. ஒரு நாள் ராத்திரி மட்டும், நிறுத்தமே இல்லாமல், "ரெண்டாமத்தவனுக்க மகளுக்கு அம்மை போட்டிருக்கு, இன்னைக்கு ஆறாம் நாள்" என்று வந்தது. நாங்கள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டோம். யார் சொன்னார்கள், எப்படித் தெரியும், கேட்க யாருக்கும் தைரியமில்லை. மறுநாள் காலை வேப்பிலையும் கேலமைன் பாட்டிலும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அங்கே என்ன பேசினார்கள் என்று மாமா இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அம்மை போட்ட அந்தப் பிள்ளைதான் பின்னால் நர்ஸானாள். பாட்டி ஃபீஸ் கட்டினாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

*

எண்பத்தெட்டு வயதில் பாட்டி அங்கணத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். பத்தாம் நாள் முதுகடியில் படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடாதது யார் குற்றம் என்று பாட்டி அந்தச் சின்னப் பெண்ணைப் பிடித்துக் காய்ச்சிவிட்டாள். அழுதுகொண்டே போன பெண்ணை மறுநாள் கூப்பிட்டு, "ராத்திரில எத்தன பெட்டு பாக்க?" என்று கேட்டாள். நாற்பது என்றது அந்தப் பெண். "சம்பளம்?" சொன்னது. பாட்டி அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் திட்டவில்லை. டைரியைக் கேட்டு வாங்கி, நடுங்குகிற கையால் அந்தப் பெண் பெயரை எங்கள் பெயர்களுக்குக் கீழே எழுதினாள்.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது பாட்டிக்குத் தொண்ணூற்று மூன்று. படுக்கையோடு ஆகியிருந்தாள். மாமா மகள் குவைத்தில். விமானம் கிடையாது. வாட்ஸ்அப் வீடியோவில் அவள் சொல்லச் சொல்ல அம்மா செய்வாள். நானும் மகனும் சென்னையிலிருந்து வந்து அங்கே மாட்டிக்கொண்டிருந்தோம். "அத்தை, முழங்காலுக்கு நடுவுல தலையணை வைங்க." கட்டிலில் கண்ணை மூடிக் கிடக்கிற பாட்டி, யாரிடம் என்று இல்லாமல், "குதிகால் மெத்தையில முட்டக் கூடாது" என்பாள். குவைத்தில் கிடக்கிற நர்ஸ் சிரிப்பாள். "சரி சிஸ்டர்."

ஜூலையில் ஒரு விடிகாலை. மூன்று மணி தாண்டியிருந்தது. கொரோனா இல்லை, வயதுதான்.

சாவு வீட்டுக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்பது அப்போதைய சட்டம். நாற்பது இலை போட்டுப் பழகிய வீட்டில் யார் அந்த இருபது என்று மாமாக்கள் தார்சாவில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டு இருந்தார்கள். ஊரில் சாதி மதம் பார்க்காமல் எத்தனையோ பேருக்குப் பாட்டிதான் கடைசிக் குளிப்பாட்டல் செய்திருக்கிறாள். தாடையைக் கட்டி, கண்ணை மூடி, கை கால் விறைப்பதற்குள் நேராக்கி. இன்றைக்கு அவளுக்குச் செய்ய ஆள் தேடினால், கொரோனாப் பயத்தில் யாரும் வர மாட்டார்கள்.

அம்மா எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைச் சாத்தினாள். என்னைத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். "வெதுவெதுப்பா." இரண்டு பாத்திரம், நாலு துண்டு, பஞ்சு, கட்டுத்துணி. எல்லாம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்திலிருந்து தொடங்கினாள். துடைக்கிற பாகத்தை மட்டும் திறந்து, துடைத்ததும் மூடி, அடுத்தது. எங்கும் ஒரு நொடி தயக்கம் இல்லை. அறுபது தாண்டிய கணக்கு டீச்சரின் கையா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதுகு துடைக்க வேண்டும். அம்மா பாட்டியின் தோளுக்கும் இடுப்புக்கும் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, காதருகே குனிந்தாள்.

"அம்மா, திருப்பப் போறேன்."

திருப்பினாள். துடைத்தாள். புது விரிப்பைப் போட்டு மூலைகளை மடித்துச் செருகினாள். தலையணையை எடுத்து உறையின் வாயைப் பார்த்தாள். வாசல் பக்கம் இருந்தது. எடுத்து மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதவைத் திறக்கச் சொன்னாள்.